நிலைகொள்ளாத குளிர் அறை

மார்ச் 3

கணக்கம்மாவுக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கோபம் வந்தாலும் மடித்து ஓர் ஓரமாகப் போடுவாய், பிறகு எடுத்துப் படித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கம்ப்ரசர் அறையில் நின்று பேசினால் நீ சொல்வது எனக்குக் கேட்காது. வெளியே வந்து கத்திப் பேசினால் நம் சண்டை மருத்துவமனை முழுக்கக் கேட்கும். போன தடவை மருந்து வரிசையில் நின்ற ஒருவர், "விட்டுக் கொடுத்துப் போங்க தம்பி" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். மானம் போயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தடுப்பூசிக் குளிர் அறையை ஓடவிட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவன், இரண்டு மாதமாக இங்கேயே கிடக்கிறேன். பழைய அறை பழுதாகிவிட்டதால் மருந்தை முழுக்க முன்கூட்டியே இதில் அடுக்கிவிட்டார்கள். அதனால் ஆள் இல்லாமல் விட்டுவிட்டு வரவும் வழியில்லை. அறை எப்படி ஓடும் என்று முன்கூட்டிக் கணிக்கும் உன் புரோகிராம் சொல்லும் எண்ணும் என் மீட்டர் காட்டும் எண்ணும் ஒத்துப்போனால்தான் கணக்குப் பிரிவு கையெழுத்துப் போடும். கையெழுத்து விழுந்தால்தான் மாற்று ஆள் வருவான். அந்தக் கணக்குப் பிரிவோ என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் என் பெண்டாட்டி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அறையைக் குளிரவைக்கும் காயிலை விட்டு வெளியே வரும் கேஸ் எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடேறியிருக்கிறது என்பதில்தானே இத்தனை தகராறும்? அந்த சூப்பர்ஹீட் உன் கணக்கில் ஆறு, என் மீட்டரில் ஒன்பது. மூன்று டிகிரி. அந்த மூன்று டிகிரியில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா உன்னை யார் என்று கேட்டதாகப் போன வாரம் சொன்னாய். ஞாபகத்திலிருந்து முகங்கள் ஒவ்வொன்றாகத்தான் கழன்று போகும் என்று மருத்துவர் சொன்னது உனக்கும் நினைவிருக்கும். உன் முகம் போய்விட்டது என்றால் அடுத்தது என்னுடையதுதான். அது போவதற்குள் நான் வந்து அவள் எதிரே உட்கார வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

உன் புரோகிராமில் 'இவ்வளவு நெருங்கினால் போதும்' என்று ஓர் எண் வைத்திருப்பாயே, அதைக் கொஞ்சம் தளர்த்து. எனக்காக என்று கேட்கவில்லை, அம்மாவுக்காகக் கேட்கிறேன்.

உதிரிப் பாக வண்டி ஓட்டுநர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

*

மார்ச் 8

என் வீட்டுக்காரருக்கு,

மடித்து ஓரமாகத்தான் போட்டேன். அத்தை எடுத்துப் படித்துவிட்டு, "யாரோ பாவம், ஊருக்கு வரணும்னு கெஞ்சுறான்" என்றார்கள். பிறகு வழக்கம்போல, "என் பையன் எப்போ வருவான்?" என்று கேட்டார்கள். ஆகவே உங்கள் முகம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. கவலைப்படாதீர்கள்.

எண்ணைத் தளர்த்தச் சொல்கிறீர்கள். என் புரோகிராம் என்ன செய்கிறது என்று தெரியாதவர்போல் எழுதியிருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. காயிலில் உள்ள அழுத்தம் தெரிந்தால்தான் கம்ப்ரசர் எவ்வளவு கேஸ் இழுக்கும் என்று தெரியும். எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தால்தான் காயிலில் அழுத்தம் என்ன என்று தெரியும். நடுவில் காயிலுக்குத் திரவத்தை விடும் வால்வு வேறு. எல்லாமே வளைந்த கோடுகள், நேராகப் போட்டு விடை எடுக்கிற கணக்கு இல்லை. அதனால் முதலில் ஒரு குத்துமதிப்பு வைப்பேன். அந்த இடத்தில் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அந்தச் சாய்விலேயே சறுக்கிப் போய் அடுத்த குத்துமதிப்பு. மறுபடி சாய்வு, மறுபடி சறுக்கல். மற்ற அறைகளுக்கெல்லாம் நாலைந்து சுற்றில் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். உங்கள் அறைதான் உயிரை வாங்குகிறது. இந்தப் பக்கம் துள்ளும், உடனே அந்தப் பக்கம் துள்ளும். கடைசியில் சட்டைக் காலரைப் பிடித்து, ஒவ்வொரு சுற்றிலும் பாதித் தூரம்தான் போகலாம் என்று அடக்கித்தான் ஆறில் உட்கார வைத்தேன்.

அந்த ஆறு உங்கள் ஒன்பதோடு சேரவில்லை என்றால் எங்கேயோ எதுவோ எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். புரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். தடுப்பூசி ஒரு தடவை உறைந்தால் போச்சு. பார்க்க நல்ல மருந்துபோல இருக்கும், குழந்தைக்குப் போட்டால் வேலை செய்யாது. யார் பதில் சொல்வது?

'அம்மாவுக்காக' என்று எழுதாதீர்கள். உங்கள் அம்மாவைக் காலையில் குளிப்பாட்டி, தலை துவட்டி, மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து, அவர்கள் கண்ணயர்ந்த நேரத்தில் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவள் நான். அம்மாவுக்காக என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

*

மார்ச் 12

நீ செய்வது எனக்குத் தெரியும். குளிப்பாட்டுவது நீ, அம்மா கேட்பது என்னை, அதுதான் உன் வயிற்றெரிச்சல். அடித்து எழுதலாம் என்று பார்த்தேன், எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

கம்பெனி மேலாளரிடம் பேசினேன். "வீட்டுல பேசி முடிச்சுக்குங்க சார், நான் நடுவுல வரல" என்கிறார். பெரிய நகைச்சுவை. கையெழுத்து இல்லாமல் மாற்று ஆள் கிடையாதாம்.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீ பிடித்த பிடியில் நிற்பது கணக்குக்காகவா, என்மேல் உள்ள கோபத்துக்காகவா? கிளம்பிய அன்று, "இப்போ போகாதீங்க, என்னால தனியா முடியாது" என்றாய். "ரெண்டு வாரம்தானே" என்றேன். அதற்கு இது பழியா?

கணக்குக்காகத்தான் என்றால் எனக்கும் ஒன்று கேட்கத் தெரியும். உட்காராத விடையைக் காலரைப் பிடித்து உட்கார வைத்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படி உட்கார வைத்த ஆறு சரி, நான் நேரில் பார்த்து எழுதிய ஒன்பது தப்பா? இது எந்த ஊர் நியாயம்?

இங்கே மருந்தாளர் அம்மா வேறு தினமும் வந்து மூக்கால் அழுகிறார். காயிலுக்கு நேரே உள்ள தட்டில் இருந்த பெட்டிகளின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறதாம். கதவை அடிக்கடி திறந்தால் படியத்தான் செய்யும் என்றேன். "நாங்க திறக்கவே இல்லீங்க" என்று சாதிக்கிறார். பெட்டிகளைப் பின்பக்கம் மாற்றி அடுக்கிவிட்டோம். எனக்கு எல்லாம் வெறுத்துவிட்டது.

*

மார்ச் 17

நேராகக் கேட்டீர்கள். நேராகச் சொல்கிறேன். கோபம் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு. கோபத்தைக் கணக்கில் கலக்கிற அளவுக்கு எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை நான் குளியலறையில் இருந்தபோது அத்தை கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்கள். துண்டோடு ஓடிவந்து பார்க்கிறேன், வீட்டில் இல்லை. தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்களாம், செருப்புக்கூட இல்லாமல். மருந்துக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "பையன் வர்ற பஸ்ஸுன்னு ஒவ்வொரு பஸ்ஸா எழுந்து நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்கம்மா" என்றார். அவர் எதிரேயே அழுதுவிட்டேன். இப்போது உள்ளே பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

வயிற்றெரிச்சல் என்றீர்களே, அதுவும் உண்மைதான். என்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை உங்கள் அம்மா. இப்போது யார் என்றே தெரியாததால் மரியாதையாகப் பேசுகிறார்கள்.

கணக்கு விஷயத்தில் நீங்கள் கேட்டது சுருக்கென்று தைத்தது. உட்காராததை நான்தான் உட்கார வைத்தேன். நேற்று அந்தப் பிடியை எடுத்துவிட்டு ஓடவிட்டேன். எத்தனை சுற்று விட்டாலும் அது அடங்கவில்லை. ஒரு சுற்றில் காயிலின் கடைசிப் பகுதி காய்ந்து கிடக்கிறது, சூப்பர்ஹீட் பன்னிரண்டு. அடுத்த சுற்றில் காயிலின் கடைசி வரை திரவம் வந்து நனைந்து நிற்கிறது, சூப்பர்ஹீட் பூஜ்யம். காய்ந்த காயிலுக்கு ஒரு கோடு, நனைந்த காயிலுக்கு வேறு கோடு, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு முறிவு. விடை சரியாக அந்த முறிவின் மேல் போய் உட்காரப் பார்க்கிறது.

புரோகிராம் துள்ளினால் இயந்திரமும் துள்ள வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. புரோகிராம் தன் கோளாறிலேயே துள்ளலாம். ஆனால் அந்தப் பனிப்பெட்டிச் செய்தியைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதனால் கேட்கிறேன். நீங்கள் அனுப்பும் படிவத்தில் மணிக்கு ஓர் எண், ஒன்பது, ஒன்பது, எட்டே முக்கால், ஒன்பது. இவ்வளவு ஒழுக்கமான இயந்திரத்தை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் பார்ப்பதைத்தான் எழுதுகிறீர்களா? "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால், உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும்போதும் "நல்லா இருக்கேன்" என்று சொல்கிற ஆள் நீங்கள். அதனால் சந்தேகம்.

மீட்டர் முன்னால் உட்காருங்கள். வருவதை வந்தபடி எழுதுங்கள்.

*

மார்ச் 19

முக்காலியைப் போட்டு மீட்டர் எதிரே உட்கார்ந்துவிட்டேன். அம்மா பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்ததைப் படித்ததிலிருந்து உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். மடியில் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இப்போது பதினொன்று. பன்னிரண்டு. பன்னிரண்டிலேயே நிற்கிறது. நிற்கிறது. வால்வு திறக்கும் சத்தம் கேட்கிறது, உஸ் என்று. பத்து. ஆறு. அடடா, சரசரவென்று இறங்குகிறது. இரண்டு. பூஜ்யம். கம்ப்ரசருக்குப் போகும் குழாயைத் தொட்டால் ஐஸாக இருக்கிறது, வெளியே வியர்க்கிறது. கம்ப்ரசர் 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டது. கேஸ் மட்டும் போக வேண்டிய இடத்தில் திரவம் உள்ளே போகிறது, பாவி. வால்வு மூடிக்கொண்டது. மூன்று. ஏழு. பதினொன்று. மறுபடி பன்னிரண்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை பூஜ்யத்தில் இருந்தபோது அறைக்குள் ஓடிப்போய்க் காயில் வாயில் கையை நீட்டிப் பார்த்தேன். ஊசியாகக் குத்துகிறது காற்று. மருந்தாளர் அம்மா சொன்னது நிஜம். கதவைப் பழி சொல்லி அந்த அம்மாவை நான்தான் வாயடைத்திருக்கிறேன். போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க, அந்தத் தட்டுல இருந்த மருந்தை நான் அப்பவே தனியா எடுத்து வெச்சிட்டேன், யாருக்கும் போடல" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வால்வு ஆடுவது எனக்குத் தெரியாமல் இல்லை. எல்லா வால்வும் கொஞ்சம் ஆடும், புதுசு, பழகினால் அடங்கும் என்று நினைத்தேன். படிவத்தில் மணிக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது, ஒரு கட்டத்தில் ஓர் எண்தான் எழுத முடியும். அதனால் மீட்டர் தரும் சராசரியை எழுதினேன். ஆடுகிற இயந்திரத்தின் சராசரியை நான் அனுப்பினேன், துள்ளுகிற கணக்கின் நடுப்புள்ளியை நீ அனுப்பினாய். இரண்டு பேரும் அதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் முட்டிக்கொண்டிருக்கிறோம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சாவியைக் கழுத்திலிருந்து எடுக்காதே. நீயும் கொஞ்சம் சாப்பிடு.

*

மார்ச் 24

ஓட்டுநர் கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி இருக்கும். பத்திரமாக வாங்குங்கள். விவரம் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டேன். இயந்திரம் காய்ந்த பக்கத்தில் நெடுநேரம் நிற்கிறது, நனைந்த பக்கத்துக்குச் சட்டென்று வந்துவிட்டு ஓடிவிடுகிறது. அதனால்தான் உங்கள் சராசரி ஒன்பதில் நின்றது. என் அடக்குமுறைக்கு நேரம் காலம் தெரியாது, இரண்டையும் சரிபாதியாகப் பிரித்து ஆறு என்றது. இரண்டு எண்ணுமே அந்த அறையில் நிலையாக இருந்ததில்லை.

வால்வுக்குள் திரவத்தை அளந்து விடும் துளைத் துண்டு பெரிசு. அறை முழுக்கச் சூடான சரக்கு ஏற்றும் நாளுக்காக, 'இருக்கட்டும் ஒரு பாதுகாப்புக்கு' என்று ஆர்டர் போட்டவர்கள் பெரிதாகப் போட்டுவிட்டார்கள். சாதாரண நாளில் அது கொஞ்சம் திறந்தாலே வெள்ளம், மூடினால் வறட்சி. சின்னத் துண்டு போட்டுப் பார்த்தேன். பிடி இல்லாமல், அடக்காமல், ஐந்தாவது சுற்றில் தானாக உட்கார்ந்தது. சூப்பர்ஹீட் ஏழு டிகிரி. முழுச் சரக்கு ஏற்றிய நாளுக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன், அப்போதும் அறை, மருந்துக்கு மேல்வரம்பான எட்டு டிகிரியைத் தாண்டவில்லை. மேலாளரிடம் சண்டை போட்டு அந்தத் துண்டை வாங்கியிருக்கிறேன். மாட்டிவிட்டுப் பாருங்கள். சராசரி வேண்டாம், போன தடவைபோல மீட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதுங்கள்.

அத்தை நன்றாக இருக்கிறார்கள். இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை.

*

மார்ச் 30

கணக்கம்மா,

ஏழு. ஏழு. ஏழேகால். ஏழு. ஏழு. இன்னும் எழுதவா? காலையில் உட்கார்ந்தவன் மதியச் சாப்பாட்டையும் மறந்து அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கம்ப்ரசர் ஒரே சுருதியில் ஓடுகிறது. முன்தட்டில் பனி இல்லை. மருந்தாளர் அம்மா இரண்டு நாளாகத் தன் தெர்மாமீட்டரோடு வந்து பார்த்துவிட்டு, "இப்பதாங்க இது ரூம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

கையெழுத்தைப் போட்டு அனுப்பு. மாற்று ஆளை மேலாளர் தயாராக வைத்திருக்கிறாராம். சனிக்கிழமை மாலைக்குள் வீட்டில் இருப்பேன். அம்மாவிடம் சொல், வந்துகொண்டிருக்கிறேன் என்று. நேராக அவள் கட்டிலுக்குப் போய் உட்காரப் போகிறேன், செருப்பைக்கூடக் கழற்றப்போவதில்லை, திட்டாதே.

போன கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. 'அவ்வளவாகக் கேட்பதில்லை' என்று எழுதியிருக்கிறாய். என்னை மீட்டர் முன்னால் உட்கார வைத்தவள் நீ. நீயும் பார்த்ததைப் பார்த்தபடி எழுது.

*

ஏப்ரல் 3

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒத்துப்போகிறது என்று முழு மனதோடு போட்டேன். போன மாதம் எண்ணைத் தளர்த்தக் கேட்டதற்கு இன்றைக்கும் என் பதில் மாட்டேன் என்பதுதான். அதையும் தெரிந்துகொண்டே வாருங்கள்.

அந்த வரி. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் அப்படி மழுப்பினேன்.

அத்தை உங்களைக் கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்களே, அதற்கு அடுத்த வாரம். மழையாக இருந்தது. குப்பையைப் போட்டுவிட்டு வர உங்கள் பழைய மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். திரும்பி உள்ளே வந்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "வந்துட்டியாடா?" என்றார்கள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. இல்லை அத்தை, நான் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு ரொம்ப அலுப்பு. "வந்துட்டேன்மா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டார்கள். மறுநாள் கோட்டு இல்லாமலே, "சாப்பிட்டியாடா?" என்றார்கள். அன்றிலிருந்து நான்தான் நீங்கள். நான் ஊட்டினால் அடம் பிடிப்பதில்லை. கதவுப் பக்கம் போவதில்லை. வந்துவிட்டவனை எதற்குத் தேட வேண்டும்?

நேற்று, "உன் பெண்டாட்டி எங்கடா?" என்று கேட்டார்கள். "வேலைக்குப் போயிருக்கா, வந்துருவாம்மா" என்றேன். "அவ நல்ல பொண்ணுடா. அவளைத் தனியா விட்டுட்டு ஊர் ஊரா சுத்தாத" என்றார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை. அதையும் நீங்களாக இருந்துதான் கேட்டேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சனிக்கிழமை நீங்கள் செருப்போடு ஓடிவந்து கட்டிலில் உட்காருவீர்கள். "யாருப்பா நீ?" என்று கேட்கக்கூடும். அப்போது என்ன சொல்வீர்களோ எனக்குத் தெரியாது. "நான்தாம்மா உன் பையன்" என்றால், அப்படியானால் நான் யார் என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதை எப்படித் தாங்கப் போகிறேன் என்றும் தெரியவில்லை. முன்பே கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் முகம் இருக்கும்போதே வந்திருப்பீர்கள். நான் போடவில்லை. அதற்கு நீங்கள் என்னைத் திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன், வந்து திட்டுங்கள்.

ஆனால் வாருங்கள். அத்தைக்காக வர வேண்டாம், அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்காக வாருங்கள். இந்த வீட்டில் நீங்களாக இருந்து இருந்து எனக்கு அலுத்துவிட்டது.